லைன் அறுந்தாலும் லினக்ஸ் கெர்னல் சோர்ஸை முழுசாக இறக்குவது எப்படி

அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, கடையம் பக்கத்துப் பிள்ளைகள் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் படிக்க ஆசைப்பட்டு முதலில் முட்டி நிற்கிற இடம் டவுன்லோடுதான். சி மொழி தெரியும், லேப்டாப்பில் லினக்ஸும் போட்டுவிட்டார்கள். கோடில் நடக்கிற மாற்றங்களையெல்லாம் வரலாறாகச் சேர்த்து வைக்கும் கிட் என்ற கருவியில், முழு நகலெடுக்க கிட் குளோன் அடிக்கிறார்கள். ராத்திரி எனக்குப் போன் வரும். "எக்கா, 60 பெர்சன்ட் போயி நின்னுட்டு. திரும்ப அடிச்சா மொதல்ல இருந்து வருது. இன்னிக்கு டேட்டா பூரா காலி."

நான் கல்லிடைக்குறிச்சியில் வீட்டிலிருந்தபடியே நெட்வொர்க் கார்டுகளுக்கு டிரைவர் எழுதுகிற வேலை பார்க்கிறேன். கெர்னல் சோர்ஸ் இல்லாமல் எனக்கு ஒரு நாள்கூட ஓடாது. நம் பக்கத்து லைனையும் கரண்டையும் வைத்துக்கொண்டு அதை இறக்குவது எப்படி என்று போனில் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். கட்டளைகளையும் போனில் சொல்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன். எல்லாவற்றையும் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடிக்க வேண்டும். டேஷ் என்றால் ஒரு சிறுகோடு, டபுள் டேஷ் என்றால் இடைவெளி விடாமல் இரண்டு.

எதற்கு வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கெர்னல் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும், ஒரு தடவை கம்பைல் செய்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்றால் கிட் பக்கமே போக வேண்டாம். கெர்னல் டாட் ஆர்க் தளத்தில் ஒவ்வொரு வெளியீடும் ஒரே சுருக்கிய கோப்பாகக் கிடைக்கிறது, டார்பால் என்பார்கள். சுமார் 140 எம்பி. பிரித்தால் 1.5 ஜிபி அளவுக்கு விரியும். கல்லூரி புராஜெக்டுக்கு வருகிற பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு இதுவே போதும். நான் முதலில் கேட்கிற கேள்வியும் இதுதான்: "படிக்கவா, பேட்ச் அனுப்பவா?"

பேட்ச் (நாம் செய்த திருத்தம்) அனுப்ப வேண்டும், ஒரு வரியை யார் எப்போது எதற்காக மாற்றினார்கள் என்று தேட வேண்டும் என்றால் முழு வரலாறும் வேண்டும். அங்கேதான் பாரம் ஏறுகிறது. கிட் வைத்திருக்கும் கெர்னல் வரலாறு 2005 ஏப்ரலில் 2.6.12-இன் இரண்டாவது சோதனை வெளியீட்டிலிருந்து தொடங்குகிறது. அன்றிலிருந்து இன்றுவரை 10 லட்சத்துக்கும் மேல் கமிட்டுகள், அதாவது பதிவான மாற்றங்கள், சேர்ந்துவிட்டன. கோப்புகள் மட்டும் 80,000-க்கும் மேல். முழுக் குளோன் 2 ஜிபியைத் தாண்டும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. லினக்ஸ் பிறந்தது 1991-இல். அப்படியானால் 1991 முதல் 2005 வரையிலான வரலாறு எங்கே? லினக்ஸையும் கிட்டையும் உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதை வேண்டுமென்றேதான் விட்டுவிட்டார். முதல் கமிட்டின் குறிப்பிலேயே காரணம் எழுதியிருக்கிறார்: பழைய வரலாறு கையில் இருக்கிறது, ஆனால் கிட்டில் ஏற்றினால் 3.2 ஜிபி வரும், கிட் இப்போதுதான் தொடங்குகிறது, இந்தச் சுமை இப்போது வேண்டாம், பிறகு வேண்டுமானால் தனியாக ஒன்று செய்துகொள்ளலாம் என்று. வரலாறு முழுக்க இல்லாமல் ஆரம்பிக்கத் தயங்குகிற பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் காட்டுவேன்.

குளோன் பாதியில் நின்றால் ஏன் எல்லாமே போகிறது

நீங்கள் குளோன் கேட்டதும் சர்வர் உங்களுக்கென்று ஒரு பேக், அதாவது சுருக்கிய மூட்டை, கட்டி அனுப்புகிறது. அடுத்த தடவை கேட்டால் அதே பைட்டுகள் அதே வரிசையில் வரும் என்று உறுதி கிடையாது. அதனால் விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கு கிட்டில் வழி இல்லை. லைன் அறுந்ததும் அதுவரை வந்ததை அழித்துவிட்டு, எர்லி ஈஓஎஃப் என்றும் இண்டெக்ஸ் பேக் ஃபெயில்ட் என்றும் இரண்டு வரி சிவப்பாகவோ வெள்ளையாகவோ காட்டி நிற்கும்.

இந்தப் பிழையைத் தேடினால் ஹெச்டிடிபி போஸ்ட் பஃபர் என்ற அமைப்பைக் கூட்டச் சொல்லி நூறு பேர் எழுதியிருப்பார்கள். செய்யாதீர்கள். அது நாம் சர்வருக்கு அனுப்பும்போது மட்டும் பயன்படுவது. இறக்குவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கிட்டின் சொந்த ஆவணத்திலேயே இது தெளிவாக இருக்கிறது.

இன்னொன்று. ரிசீவிங் ஆப்ஜெக்ட்ஸ் 100 ஆனதும் ரிசால்விங் டெல்டாஸ் என்று இன்னொரு எண்ணிக்கை ஓடத் தொடங்கும். அப்போது நெட் தேவையில்லை, கணினிதான் உழைக்கிறது. 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்பில் இது உறைந்துபோன மாதிரியே இருக்கும். ஃபேன் சத்தம் கேட்கிறதா? சரி, வேலை நடக்கிறது. கண்ட்ரோல் சி அழுத்திவிடாதீர்கள். லேப்டாப் மூடியை மூடினால் தூங்கிவிடும் என்ற அமைப்பையும் அதற்கு முன்பே அணைத்துவிடுங்கள்.

டார்பால் வழி

கெர்னல் டாட் ஆர்க் முகப்பில் மெயின்லைன், ஸ்டேபிள், லாங்டெர்ம் என்று ஒரு பட்டியல் இருக்கும். படிக்கிறவர்கள் லாங்டெர்ம் ஒன்றை எடுங்கள், பல மாதம் கழித்தும் அதே கிளைக்குத் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கும். 2024 நவம்பரில் வந்த 6.12 அப்படி ஒன்று. எக்ஸ்இஸட் என்று முடிகிற கோப்பின் முகவரியைக் காப்பி செய்து, டெர்மினலில் டபிள்யூகெட், இடைவெளி, டேஷ் சி, இடைவெளி, முகவரி. அந்த டேஷ் சி-யில்தான் உயிர் இருக்கிறது. லைன் போனால், வந்த பிறகு மேல் அம்புக்குறியைத் தட்டி என்டர். விட்ட இடத்திலிருந்து தொடரும். பிரவுசரில் இறக்கினாலும் இறங்கும்தான், ஆனால் ஆடிக் காற்றில் கரண்டு விட்டுவிட்டு வருகிற நாளில் பிரவுசரை நம்பி உட்காராதீர்கள்.

கோப்பு அசல்தானா என்று பார்க்கும் டிஜிட்டல் கையெழுத்துச் சரிபார்ப்பைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். 2011-இல் கெர்னல் டாட் ஆர்க் சர்வர்களுக்குள்ளேயே வெளியாட்கள் நுழைந்தது தெரியவந்து, தளம் பல வாரம் மூடிக் கிடந்தது. அவ்வளவு பெரிய இடத்துக்கே அப்படி நடந்தது. நாம் செய்ய வேண்டியது, அதே பக்கத்தில் சைன் என்று முடிகிற சின்னக் கோப்பையும் இறக்குவது. இதில் எல்லோரும் தடுக்கி விழுகிற ஒரு இடம் உண்டு: அந்தக் கையெழுத்து சுருக்கிய கோப்புக்குப் போட்டது இல்லை, சுருக்கம் அவிழ்த்த டார் கோப்புக்குப் போட்டது. எக்ஸ்இஸட் கோப்பை, கையெழுத்தைச் சரிபார்க்கும் ஜிபிஜி கருவியிடம் நேரடியாகக் காட்டினால் பேட் சிக்னேச்சர் என்று சொல்லும், டவுன்லோடு கெட்டுவிட்டது என்று நினைத்துத் திரும்ப இறக்குவார்கள். முதலில் அன்எக்ஸ்இஸட் அடித்து டாராக மாற்றுங்கள். அப்புறம் ஜிபிஜி, டபுள் டேஷ் வெரிஃபை, சைன் கோப்பின் பெயர்.

பெரும்பாலும் கையெழுத்திடுகிறவர்கள் லினஸ் டோர்வால்ட்ஸும், ஸ்டேபிள் வெளியீடுகளைப் பார்த்துக்கொள்ளும் கிரெக் க்ரோவா-ஹார்ட்மனும். அவர்களுடைய கையெழுத்தைச் சரிபார்க்கத் தேவையான சாவிகளை எடுக்கும் கட்டளை கெர்னல் டாட் ஆர்க் சிக்னேச்சர் பக்கத்தில் அப்படியே இருக்கிறது, காப்பி செய்து ஒட்டினால் போதும். குட் சிக்னேச்சர் என்று வந்த பிறகும், இந்தச் சாவியை நம்பிக்கையான யாரும் உறுதி செய்யவில்லை என்று ஒரு எச்சரிக்கை வரும். அது வழக்கமானதுதான். சாவியின் நீண்ட அடையாள எண்ணை (ஃபிங்கர்பிரின்ட்) அந்தப் பக்கத்தில் இருப்பதோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

முழு வரலாறும் வேண்டுமென்றால் பண்டில்

நான் எல்லோருக்கும் சிபாரிசு செய்கிற வழி இதுதான். பண்டில் என்பது ஒரு முழு கிட் ரெப்போவை (கோடும் அதன் வரலாறும் சேர்ந்த களஞ்சியத்தை) ஒரே கோப்பாகக் கட்டி வைத்தது. சாதாரணக் கோப்பு என்பதால் டபிள்யூகெட் டேஷ் சி போட்டு எத்தனை தடவை அறுந்தாலும் தொடரலாம். மெதுவான லைன் உள்ளவர்களுக்காகவே கெர்னல் டாட் ஆர்க் இதைத் தயாராக வைத்திருக்கிறது. பண்டிலிலிருந்து குளோன் செய்வது பற்றி அங்கே தனிப் பக்கமே உண்டு, முகவரியை அங்கிருந்து எடுங்கள். கோப்பின் பெயர் குளோன் டாட் பண்டில்.

தினம் 1.5 ஜிபி, 2 ஜிபி என்று எல்லை வைத்த பிளானில் இருப்பவர்கள் ஒரே நாளில் முடிக்க முடியாது. கண்ட்ரோல் சி போட்டு நிறுத்தி, நள்ளிரவு தாண்டியதும் தொடருங்கள். எங்கள் தெருவில் சாயங்காலம் எல்லோரும் போனும் கையுமாக இருக்கிற நேரத்தில் வேகம் படுத்துவிடும், விடியற்காலை நாலு மணிக்கு அதே லைன் நன்றாக ஓடும். ஃபைபர் வைத்திருப்பவர்கள் ரௌட்டருக்கு ஒரு சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் வாங்கிப் போடுங்கள். லேப்டாப்புக்குப் பேட்டரி இருக்கிறது, ரௌட்டர்தானே அணைகிறது.

ஆனால் இதை இரண்டு மூன்று வாரத்துக்கு இழுக்காதீர்கள். பண்டிலை அவ்வப்போது புதிதாகக் கட்டுவார்கள். பழைய கோப்பில் பாதியும் புதிய கோப்பில் மீதியும் ஒட்டிக்கொண்டால் ஒன்றுக்கும் ஆகாது. இரண்டு மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

இறங்கியதும் கிட் பண்டில் வெரிஃபை அடித்துப் பார்க்கலாம். ஒரு கிட் ரெப்போவுக்குள் நின்று அடிக்க வேண்டும், இல்லையென்றால் ரெப்போ தேவை என்று முரண்டு பிடிக்கும். ஒரு காலி ஃபோல்டரில் கிட் இனிட் அடித்துவிட்டு அங்கிருந்து பார்த்தால் சரியாகிவிடும். ஆனால் ஓகே என்று வந்துவிட்டதே என்று நிம்மதியாகிவிடாதீர்கள். வெரிஃபை பார்ப்பது பண்டிலின் தலைப்பகுதியை மட்டும். உள்ளே இருக்கிற பேக் கெட்டிருக்கிறதா என்பது குளோன் செய்யும்போதுதான் தெரியும், அப்போதுதான் மொத்தத்தையும் கூட்டிச் சரிபார்க்கிறது.

குளோனும் எளிதுதான். கிட் குளோன், பண்டில் கோப்பின் பெயர், பிறகு லினக்ஸ் என்று ஃபோல்டர் பெயர். நெட்டை அணைத்துவிட்டுக்கூடச் செய்யலாம். முடிந்ததும் அந்த ஃபோல்டருக்குள் போய், கிட் ரிமோட் செட் டேஷ் யுஆர்எல் ஆரிஜின் என்று அடித்து, லினஸின் ரெப்போ முகவரியைக் கொடுங்கள். இதுவரை உங்கள் ரெப்போ அந்தப் பண்டில் கோப்பைத்தான் தன் ஊராக நினைத்துக்கொண்டிருக்கும். இனி உண்மையான சர்வரைப் பார்க்கும். கிட் புல் அடித்தால் பண்டில் கட்டிய பிறகு வந்த மாற்றங்கள் மட்டும் இறங்கும்.

கடைசியாக கிட் வெரிஃபை டேஷ் டேக், வி6.12. வெளியீட்டு டேகுகளில், அதாவது ஒவ்வொரு வெளியீட்டுக்கும் போட்ட பெயர்ச்சீட்டுகளில், லினஸின் கையெழுத்து இருக்கிறது, சாவி முன்பே எடுத்திருந்தால் அது பொருந்துவதைக் காட்டும். ஒவ்வொரு கமிட்டும் தனக்கு முந்தையதன் ஹாஷை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாள எண்ணை) சுமந்திருப்பதால், அந்த ஒரு கையெழுத்து சரியாக இருந்தால் அதற்குக் கீழே 2005 வரைக்கும் உள்ள வரலாறும் மாறாமல் வந்திருக்கிறது என்று நம்பலாம். யாரிடமிருந்து பென் டிரைவில் வாங்கினாலும் இதைச் செய்யுங்கள்.

நடுவழி: ஆழம் குறைந்த குளோன்

பண்டிலுக்குக் காத்திருக்க முடியாது, கிட்டும் வேண்டும் என்றால் கிட் குளோன் டபுள் டேஷ் டெப்த் ஈக்வல் 1, முகவரி. 300 எம்பி அளவில் முடிந்துவிடும். வரலாறு ஒரே ஒரு கமிட்தான் இருக்கும். பிறகு நேரம் கிடைக்கும்போது கிட் ஃபெட்ச் டபுள் டேஷ் டீப்பன் ஈக்வல் 1000 என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டலாம். ஒவ்வொரு தடவை வெற்றியாக முடிந்ததும் அதுவரை வந்தது நிலைத்துவிடும். அடுத்தது அறுந்தால் அந்த ஒரு துண்டு மட்டும்தான் போகும். முழுசும் வேண்டுமென்றால் டபுள் டேஷ் அன்ஷாலோ.

ஆழம் இல்லாத ரெப்போவில், ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவரைக் காட்டும் கிட் பிளேம் அடித்து யாரையும் குற்றம் சொல்லாதீர்கள். எல்லைக் கமிட்டுக்கு முந்தைய வரலாறு இல்லாததால் அத்தனை வரியும் அந்தக் கமிட் போட்டவர் தலையில் ஏறியிருக்கும். ஒரு பையன் கெர்னல் முழுவதையும் ஒரே ஆள் எழுதியிருக்கிறார் என்று வியந்துபோய் எனக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான்.

விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு

விண்டோஸின் சி டிரைவில் நேராகக் குளோன் செய்தால் கெர்னல் சோர்ஸ் முழுசாக வராது, இதற்கு லைனைக் குறை சொல்லிப் பயனில்லை. நெட்வொர்க் பாக்கெட்டுகளை வடிகட்டும் நெட்ஃபில்டர் பகுதியில் ஒரே பெயரைப் பெரிய எழுத்திலும் சிறிய எழுத்திலும் எழுதிய இரண்டு தனிக் கோப்புகள் இருக்கின்றன. எக்ஸ்டி, அண்டர்ஸ்கோர், டிசிபிஎம்எஸ்எஸ், டாட் சி என்பது அப்படி ஒரு ஜோடி. ஒன்று பெரிய எழுத்து, ஒன்று சிறியது. இரண்டும் வேறு வேறு வேலை செய்பவை. விண்டோஸுக்கு இரண்டும் ஒரே பெயர். ஒன்றின் மேல் இன்னொன்று உட்கார்ந்துவிடும். நீங்கள் எதையும் தொடாமலே கிட் ஸ்டேட்டஸ் சில கோப்புகள் மாறிவிட்டன என்று காட்டினால் காரணம் இதுதான். என்விடியா கார்டுகளுக்கான நூவோ கிராபிக்ஸ் டிரைவருக்குள் ஆக்ஸ் டாட் சி என்றும் ஒரு கோப்பு இருக்கிறது. அந்தப் பெயரை விண்டோஸ் பழைய டாஸ் காலத்திலிருந்து தனக்கென்று ஒதுக்கி வைத்திருப்பதால் உருவாக்கவே விடாது.

விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் போட்டு, அதன் ஹோம் ஃபோல்டருக்குள் குளோன் செய்யுங்கள். எம்என்டி ஃபோல்டர் வழியாக சி டிரைவுக்குள் போனால் மறுபடியும் அதே கதைதான், வேகமும் இருக்காது. கம்பைல் செய்யவும் சேர்த்து 20 ஜிபி காலியாக வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

கெர்னலை விடப் பெரியவையும் உண்டு. குரோம் பிரவுசருக்கு அடிப்படையான குரோமியத்துக்கு 100 ஜிபி காலி இடம் வேண்டும் என்கிறார்கள், ஆண்ட்ராய்டுக்கு 400 ஜிபி. அவற்றுக்குத் தனிக் கருவிகள் இருக்கின்றன. வரலாறு இல்லாமல் இறக்கும் வசதியைக் குரோமியமே தருகிறது. வீட்டு லைனில் ஆண்ட்ராய்டு முழுவதையும் இறக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஒருவர் இறக்கினால் ஊருக்கே போதும்

கெர்னல் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு உரிமத்தில் வருகிறது. சோர்ஸைக் காப்பி எடுத்துக் கொடுக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அப்படியிருக்கும்போது ஒரே வகுப்பில் இருபது பேர் இருபது தடவை இறக்குவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்கவே மாட்டேன் என்கிறது. ஒருவர் இறக்குங்கள். மற்றவர்கள் பென் டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்குள் பண்டில்கள் செங்கோட்டை பாசஞ்சரில்தான் போய்வருகின்றன. கல்லிடைக்குறிச்சியில் ஏறினால் கீழக்கடையத்தில் இறங்கிக் கொடுத்துவிடலாம்.

பிரித்த ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் இழுத்துப் போடாதீர்கள். 80,000 சின்னக் கோப்புகளை எழுதி முடிக்க அது திணறிவிடும். போதாக்குறைக்கு பென் டிரைவ் பெரும்பாலும் ஃபேட்32 ஆக இருக்கும், பெரிய எழுத்து சிறிய எழுத்துச் சிக்கல் அங்கேயும் வரும், சிம்பாலிக் லிங்குகளும் (வேறு கோப்பைச் சுட்டிக்காட்டும் இணைப்புகள்) போய்விடும். பண்டிலாகவே கொடுங்கள். உங்கள் ரெப்போவிலிருந்தே கட்டலாம்: கிட் பண்டில் கிரியேட், கோப்பின் பெயர், டபுள் டேஷ் ஆல். ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது, அதனால் டிரைவை எக்ஸ்ஃபேட்டாக மாற்றி வைத்துக்கொள்வது நல்லது.

லினஸின் ரெப்போ கையில் இருக்கும்போது ஸ்டேபிள் ரெப்போவும் வேண்டுமென்றால் அதற்கு இன்னொரு குளோன் வேண்டாம். கிட் ரிமோட் ஆட் ஸ்டேபிள் என்று முகவரியைச் சேர்த்து, கிட் ஃபெட்ச் ஸ்டேபிள். பெரும்பகுதி ஏற்கனவே உங்களிடம் இருப்பதால் இல்லாதது மட்டும்தான் வரும்.

பண்டில் வாங்கிப் போனவர்களுக்கு அடுத்தடுத்த மாதங்களில் முழுக் கோப்பும் தேவையில்லை. போன தடவை கொடுத்தது வி6.12 வரை என்றால், கிட் பண்டில் கிரியேட், புதிய பெயர், அப்புறம் வி6.12, இரண்டு புள்ளி, மாஸ்டர். இடையில் வந்தவை மட்டும் ஒரு சின்னக் கோப்பாக வரும், வாட்ஸ்அப்பில்கூட டாக்குமென்டாக அனுப்பிவிடலாம். வாங்கியவர் தன் ரெப்போவுக்குள் நின்று கிட் புல், அந்தக் கோப்பின் பெயர், மாஸ்டர் என்று அடித்தால் சேர்ந்துவிடும். இங்கே கிட் பண்டில் வெரிஃபை உண்மையிலேயே உதவும்: இந்தப் பண்டிலுக்கு முன்னால் இருக்க வேண்டிய கமிட் அவரிடம் இல்லையென்றால் எது இல்லை என்று அதன் ஹாஷோடு சொல்லிவிடும். அப்போது அவரிடம் கடைசியாக இருக்கிற கமிட்டின் ஹாஷை எனக்கு அனுப்பினால் அதிலிருந்து தொடங்கி வேறொன்று கட்டிக் கொடுத்துவிடுவேன்.